வால் வைத்த பெரிய அந்துப்பூச்சி: அட்லஸா, வேறா?

மே 26, இரவு 10:14 (கேள்வி, சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்கு எதிர்ச் சுவரில் உள்ளங்கையை விடப் பெரிய பூச்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பழுப்பு நிறம், குறுக்கே வெள்ளைக் கோடு, பின்னால் வால் மாதிரி இரண்டு. அட்லஸ் அந்துப்பூச்சிதான் என்று நான் அடித்துச் சொல்கிறேன், உலகிலேயே பெரியது அதுதானே? அம்மா, "தாத்தா வந்திருக்கார், விரட்டாதே" என்கிறார். காட்டில் இருக்க வேண்டியது பன்னிரண்டாம் மாடியில் என்ன செய்கிறது? படம் இணைத்திருக்கிறேன்.

மே 26, இரவு 11:02

அட்லஸ் இல்லை. வால் இருக்கிறதே, அதுவே போதும். இது லிஸ்ஸா ஸாம்பா என்ற வேறு அந்துப்பூச்சி. மே, ஜூனில் சிங்கப்பூரில் "ராட்சசப் பட்டாம்பூச்சி" என்று யார் படம் போட்டாலும் பத்துக்கு ஒன்பது இதுதான். கடிக்காது, கொட்டாது. அம்மாவிடம் சொல்லுங்கள், விரட்ட வேண்டியதும் இல்லை.

விவரம் நாளைக்கு.

மே 27, காலை 7:30

அட்லஸுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தால் பிறகு குழப்பமே வராது.

அட்லஸ் செம்பழுப்பு. நான்கு இறக்கையிலும் செதில் இல்லாத முக்கோணம் ஒவ்வொன்று இருக்கும். பின்னால் சுவர் தெரியும் அளவுக்குக் கண்ணாடியாய் இருக்கும். முன்னிறக்கை நுனி வளைந்து பாம்புத் தலை மாதிரி தோன்றும். ஆணின் உணர்கொம்பு அகலமாக இறகு விரித்தாற்போல் இருக்கும். இறக்கை விரிவு 25 செ.மீ. வரை போகும். வால் கிடையாது.

லிஸ்ஸா அதைவிடச் சிறியது, 10 முதல் 16 செ.மீ. சாம்பல் கலந்த பழுப்பு. வெள்ளைப் பட்டை முன்னிறக்கையில் தொடங்கிப் பின்னிறக்கைக்குள் ஓடும். பின்னிறக்கை ஒவ்வொன்றிலும் கூரான வால், வாலின் ஓரம் வெளுத்திருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் முன்னிறக்கையின் முன் விளிம்பு நெடுகக் கறுப்பும் வெள்ளையுமாக நுண்கோடுகள் தெரியும். படத்தைப் பெரிதாக்குங்கள், உங்களுடையதிலும் இருக்கிறது. உணர்கொம்பு வெறும் நூல். பட்டாம்பூச்சிக்கு இருப்பதுபோல் நுனியில் குமிழ் கிடையாது. வாலைப் பார்த்துவிட்டு இதைப் பட்டாம்பூச்சி என்று சொல்கிறவர்களுக்கு அந்த நூல்தான் பதில்.

"உலகிலேயே பெரியது" என்பதும் அவ்வளவு நேரான விஷயம் இல்லை. இறக்கையின் பரப்பை எடுத்தால் அட்லஸ் முன்வரிசையில் நிற்கும். விரித்த இறக்கையின் நீளம் என்றால் தென் அமெரிக்காவின் "வெள்ளைச் சூனியக்காரி", அதாவது தைசேனியா அக்ரிப்பினா, முந்திவிடும்.

மே 27, இரவு 9:45

இனி முக்கியமான கேள்வி: காட்டுப் பூச்சிக்குப் பன்னிரண்டாம் மாடியில் என்ன வேலை?

என் அனுபவத்தில் அந்துப்பூச்சியை அடையாளம் காண நிறத்தைக் கேட்பதைவிட, அது புழுவாக இருந்தபோது எதைத் தின்றது என்று கேட்பதில் பலன் அதிகம். லிஸ்ஸாவின் புழு தின்பது எண்டோஸ்பெர்மம் இன மரங்களின் இலை. நம் ஊரில் அது எண்டோஸ்பெர்மம் டயடீனம். மலாய்க்காரர்கள் செசெண்டோக் என்பார்கள். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மரம். கிடுகிடுவென்று உயரும், நேரான தண்டு, மரக்கட்டை லேசானது. தீக்குச்சி செய்ய அறுத்த மரங்களில் இதுவும் ஒன்று.

ஆக உங்கள் சுவரில் பூச்சி இருக்கிறதென்றால் பறக்கும் தூரத்தில் செசெண்டோக் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஈசூனுக்குத் தென்மேற்கே மண்டாய்க் காடு, அதை ஒட்டி மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி. சரியாகத்தான் வருகிறது. நான் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறேன். புக்கிட் தீமா காடு எனக்குச் சமையலறை சன்னலிலேயே தெரியும். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் தாழ்வாரத்தில் ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கும். கிழக்கே, காட்டிலிருந்து தள்ளியிருக்கும் பிடோக்கில் தங்கை வீட்டில் கேட்டால், "அப்படி எதுவும் வந்ததில்லையே அண்ணா" என்பாள். பிடோக்கில் வரவே வராது என்று சொல்லவில்லை, நன்றாகப் பறக்கும் பூச்சி. ஆனால் தங்கையும் நானும் பார்ப்பதில் இருக்கும் இந்த வித்தியாசம் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மே 29, மதியம் 1:10

மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியானால் இது வெட்டுப்படாத ஆதிக் காட்டில் மட்டும் வாழும் பூச்சி. வீட்டுக்கு வருவது காடு அழிவதன் அறிகுறி."

இரண்டாவது வரி உருக்கமாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. செசெண்டோக் வெளிச்சம் தேடும் மரம். மரம் விழுந்து வானம் திறந்த இடத்திலும், ஒருகாலத்தில் வெட்டி விட்டுப்போன இடத்திலும் முதலில் முளைத்து மேலே ஓடும். இரண்டாம் நிலைக் காடு, மலாய்க்காரர்கள் பெலுக்கார் என்பார்களே, அங்கே நிறைய நிற்கும். சிங்கப்பூரில் இன்று நாம் காடு என்று சொல்வதில் பெரும்பகுதி அதுதான். 19ஆம் நூற்றாண்டில் காம்பீர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவை மொட்டையடித்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. தோட்டங்களைக் கைவிட்டபின் தானாக முளைத்தது இப்போது நிற்பது. ஆதிக் காட்டின் மிச்சம் புக்கிட் தீமா போன்ற இடங்களில் துண்டு துண்டாகத்தான்.

எனவே லிஸ்ஸா சொல்வது வேறு. அடிபட்டு மீண்ட காடும் காடுதான் என்கிறது அது. இயற்கை ஆர்வலர் கூட்டத்தில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், "இரண்டாம் தரக் காட்டுக்கு வக்காலத்தா" என்று. வக்காலத்துதான். அந்தக் காட்டைக் குப்பை மரம் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். இந்தப் பூச்சிக்கு அதுதான் சோற்றுப்பானை.

ரப்பர் என்றதும் ஞாபகம்: எங்கள் தாத்தா பால் மரம் வெட்டிய தலைமுறை. செசெண்டோக்கின் ஒன்றுவிட்ட சொந்தத்தைத்தான் அவர் காலையில் நான்கு மணிக்கு எழுந்து சீவிக்கொண்டிருந்தார்.

ஜூன் 1, இரவு 8:20

விளக்கு விஷயம். "வெளிச்சத்தை நிலா என்று நினைத்து வருகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராவில் பூச்சிகளைப் படம்பிடித்து வேறு விளக்கம் தந்தது. பறக்கும் பூச்சி எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பும். இயற்கையில் இரவிலும் வானம்தான் தரையைவிட வெளிச்சம், ஆக முதுகு மேலே, வயிறு கீழே, சரியாகப் பறக்கும். பக்கவாட்டில் குழல்விளக்கு எரிந்தால் முதுகை அதன் பக்கம் சாய்க்கும், சாய்ந்தால் வளையும், வளைந்தால் சுற்றும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறதே ஒழிய, விளக்கின் மேல் ஆசைப்பட்டு வருவதில்லை.

நீலமும் புறஊதாவும் கலந்த வெள்ளை ஒளி அதிகம் மாட்டவைக்கும், மஞ்சள் ஒளி குறைவாக. காடு இருட்டு, அதன் ஓரத்திலேயே இரவு முழுக்க எரியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக். மாட்டாமல் என்ன செய்யும்?

எந்த இரவில் அதிகம் வரும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் 1854இல் புக்கிட் தீமாவில் வண்டு பிடித்தது பலருக்குத் தெரியும். அதற்கு அடுத்து சரவாக்கில் ஒரு மலைக் குடிலின் வெள்ளைச் சுவர் திண்ணையில் விளக்கேற்றி வைத்து அந்துப்பூச்சி பிடித்தார். 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அவற்றில் 800க்கும் மேல் நான்கே இரவுகளில் வந்தவை, நல்ல மழை, கும்மிருட்டு. வானம் தெளிந்து நிலா காய்ந்த இரவுகளில் பத்துக்கும் குறைவுதான்.

நம் தாழ்வாரமும் அதே கதைதான்: வெள்ளைச் சுவர், விளக்கு, பின்னால் காடு. மழை விட்ட அமாவாசை இரவில் பாருங்கள்.

ஜூன் 2, காலை 6:55

அமாவாசை என்று எழுதிவிட்டேன், ஈசூன் அம்மா "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்கிறாராம். கைகூப்புகிறேன்.

ஜூன் 7, இரவு 10:30

தாத்தா விஷயத்தையும் பேசிவிடலாம். எங்கள் வீட்டில் அத்தை இதே கட்சி. மாமா இறந்த வருடம் இது வந்து செருப்பு அலமாரிக்கு மேலே உட்கார்ந்தது, அவர் வழக்கமாகக் குடை மாட்டும் இடம். அன்று ராத்திரி அந்த இடத்தில் விளக்கை அணைக்க விடவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியும் அதையே சொன்னார், இறந்தவர் பார்க்க வருவது என்று. எதிர்வீட்டு மலாய்க்காரர் மட்டும், விருந்தாளி வரப்போகிறார் என்றார். ஆக மூன்று வீட்டிலும் யாரும் துடைப்பத்தை எடுக்கவில்லை. பூச்சியின் பார்வையில் இதைவிடச் சிறந்த பாதுகாப்புச் சட்டம் ஏது?

நான் அத்தையிடம் வாதம் பண்ணவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: விளக்கு எரிந்தால் அது போக முடியாது அத்தை. சற்று யோசித்துவிட்டு அவரே போய் அணைத்தார்.

பயமுறுத்தும் நம்பிக்கை ஒன்றும் உண்டு, இறக்கைப் பொடி கண்ணில் பட்டால் குருடாகிவிடும் என்பது. அது வெறும் செதில். கண்ணில் பட்டால் உறுத்தும், கழுவினால் போய்விடும்.

ஜூன் 9, மதியம் 12:40

2014இல் லிஸ்ஸா கூட்டமாக வந்ததா என்று கேட்டவருக்கு. ஆமாம், அந்த வருடம் மே, ஜூனில் தீவு முழுக்க வந்தது. எம்ஆர்டி ரயில் நிலையம், கோப்பிக் கடை, அலுவலகக் கட்டடம் எல்லா இடத்திலும். செய்தித்தாளிலும் வந்தது. முன்னோர் வருகை என்றால் அந்த வருடம் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

காரணம்? அந்த வருடத் தொடக்கத்தில் கடும் வறட்சி, பிப்ரவரியில் மழையே கண்ணில் படவில்லை, புல்தரை எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. வறட்சி முடிந்து மழை விழுந்தால் மரங்கள் ஒரேயடியாகத் தளிர்விடும், தளிர் புழுவுக்கு விருந்து, சில வாரம் கழித்துப் பூச்சி. கணக்கு அழகாக உட்காருகிறது.

ஜூன் 9, இரவு 11:15

மதியம் எழுதியதை மறுபடி படித்தேன். அழகாக உட்காருவதுதான் எனக்கு இடிக்கிறது. வறட்சி முன்னால் வந்தது, பூச்சி பின்னால் வந்தது, அவ்வளவுதான் கையில் இருக்கிறது. புழுவைத் தின்னும் குளவியும் எறும்பும் அந்த வருடம் குறைந்திருந்தாலும் இதே விளைவு வரும். 2005இலும் கூட்டமாக வந்திருக்கிறது, ஆனால் அப்போது எல்லார் கையிலும் கேமரா ஃபோன் இல்லை. 2014இல் ஒவ்வொரு பூச்சியையும் பத்துப் பேர் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். எண்ணிக்கை கூடியது உண்மை. எவ்வளவு கூடியது என்பதில் ஃபோனுக்கும் பங்கு உண்டு.

வறட்சிக் கதையை ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பிடித்த ஊகம்.

ஜூன் 15, காலை 9:05

வந்த படங்கள்:

புக்கிட் பாத்தோக், கீழ்த்தளத் தூண்: பழுப்பு, வெள்ளைப் பட்டை, ஆனால் வால் இல்லை, முன்னிறக்கையில் சுருண்ட கண் மாதிரி ஒரு வட்டம் முறைக்கிறது. லிஸ்ஸா இல்லை. எரிபஸ் எஃபெஸ்பெரிஸ், ஆந்தை அந்துப்பூச்சி என்பார்கள். பகலில் நிழலான தூணிலும் மரத்தண்டிலும் ஒட்டிக்கொள்ளும். கிட்டே போனால் ஓசையில்லாமல் அடுத்த தூணுக்குப் போய்விடும். இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பட்டையைப் பார்க்காதீர்கள், வாலையும் கண்ணையும் பாருங்கள்.

சுவா சூ காங், கோயில் பக்கம்: பச்சையும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய், போர்விமானம் போல் ஒடுங்கிய இறக்கை. அரளி அந்துப்பூச்சி, டாஃப்னிஸ் நெரியை. இதற்குக் காடே வேண்டாம். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடீனியம் இருந்தால் போதும். நம்மவர்கள் பூஜைக்கு நட்டு வைத்திருக்கும் செடிப் பட்டியலும் இதன் சாப்பாட்டுப் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றே. தொட்டியில் நந்தியாவட்டை மொட்டையானால் பூச்சிமருந்து வாங்க ஓடாதீர்கள். இலைக்கு அடியில் விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் பொட்டு, பின்முனையில் சிறு கொம்பு. அரளியின் நஞ்சு நம்மைக் கொல்லும், அதற்கு அது காலை உணவு.

தெம்பனிஸ், சீத்தா மரத்தில் தொங்கும் பழுப்புக் கூடு: இது அட்லஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் புழுவுக்கு நாக்கு நீளம். சீத்தா, கொய்யா, இலவங்கம், எலுமிச்சை எல்லாம் தின்னும். அதனால்தான் அட்லஸ் காட்டிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுத் தோட்டத்திலும் வருகிறது, லிஸ்ஸாவுக்கோ ஒரே மரம். கூட்டை வெட்டாதீர்கள். வெளியே வந்தபின் அதற்கு ஆயுள் ஒன்றிரண்டு வாரம்தான், வேலை செய்யும் வாயே கிடையாது, புழுவாகத் தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஓட்டுகிறது.

பாசிர் ரிஸ்: படம் இருட்டு. அது பூச்சியா, சுவர்க் கறையா?

ஜூன் 22, மாலை 6:40

நேற்று புக்கிட் தீமா காட்டை ஒட்டிய டெய்ரி ஃபார்ம் பக்கம் செசெண்டோக் மரத்தைத் தேடிப் போனேன். "மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது" என்று கேட்டவர்களுக்காக.

அண்ணாந்து பார்த்தால் பயனில்லை, கழுத்து வலிதான் மிச்சம். உயரத்தில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். கீழே விழுந்த இலையைப் பாருங்கள். நீண்ட காம்பு, அகன்ற இலை. காம்பும் இலையும் சேரும் இடத்தில் இரண்டு சின்னப் புடைப்பு, ஊசிமுனையை விடச் சற்றுப் பெரிது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். தேன்சுரப்பிகள் அவை. டயடீனம் என்ற பெயர் அந்த இரண்டைத்தான் சொல்கிறது. நேற்று நான் எடுத்த இலையில் ஒரு சுரப்பியைச் சுற்றி எறும்பு அரித்த கறை இருந்தது, ஓரத்தில் பிறைபிறையாய்க் கடித்த தடம். லிஸ்ஸா புழு கடித்ததா? சொல்ல முடியாது, இலை தின்ன ஆயிரம் வாய் இருக்கிறது. மஹாங் மரத்தின் இலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதுவும் இதே குடும்பம், அதுவும் வெட்டவெளியில் முளைக்கும், ஆனால் காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் அடிப்பக்கத்தில் உள்ளே தள்ளிச் சேர்வது பல மஹாங்குகளில் உண்டு.

இலையைப் படமெடுத்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டேன். வனப்பகுதிக்குள் இலையோ பூச்சியோ எடுத்துவரக் கூடாது. இன்னொன்று: புக்கிட் தீமா வனப்பகுதி காலை 7 முதல் மாலை 7 வரைதான். ராத்திரியில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துப் பூச்சி பார்க்க ஆசைப்பட்டு உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் புளோக்கே விளக்குப் பொறிதான், பணம் கட்டி நடத்துவது நகர மன்றம். விடியுமுன் ஆறு மணிக்கு மேல்மாடியிலிருந்து படி வழியாக இறங்கி வாருங்கள், அனுமதி வேண்டாம், அட்டையும் கடிக்காது.

ஜூன் 22, இரவு 9:00

ஆறு மணி என்றதற்குக் காரணம் உண்டு: மைனா. வெளிச்சம் வந்ததும் தாழ்வாரம் தாழ்வாரமாக ரோந்து வரும். உடலைத் தின்றுவிட்டு நான்கு இறக்கையையும் தரையில் போட்டுவிட்டுப் போகும். தப்பிய பூச்சிகளில் ஒரு வால் பிய்ந்தது நிறையப் பார்த்திருக்கிறேன். அலகு வாலில் பட்டதால் உடல் பிழைத்தது என்று நினைக்கத் தோன்றும். வால் அதற்காகவே வந்ததா என்பது பெரிய பேச்சு, இங்கே இழுத்தால் ஜூலை முடிந்துவிடும்.

ஜூலை 4, இரவு 8:50

ஈசூன் வாசகியின் புதுக் கேள்வி: இன்னொன்று வந்திருக்கிறது, காலையில் துப்புரவாளர் தண்ணீர் பீய்ச்சுவார், என்ன செய்வது?

கையால் பிடிக்காதீர்கள், செதில் உதிரும், கால் ஒடியும். தடித்த காகித அட்டையை அதன் முன்னங்கால்களுக்கு அடியில் மெல்லச் செருகுங்கள், தானே ஏறிக்கொள்ளும். பகலில் வெளியே எறிந்தால் மைனாவுக்கு ஊட்டிவிட்ட மாதிரி. கீழே இறங்கி, புதருக்குள் நிழலான கிளையில் ஏற்றிவிடுங்கள், இருட்டியதும் போகும். இரவென்றால் இன்னும் சுலபம், உங்கள் வாசல் விளக்கை அணைத்துவிட்டு அட்டையோடு விளக்கு இல்லாத பக்கம் கொண்டுபோய் விடுங்கள்.

அதற்கு முன் இரண்டு படம்: நேர் மேலிருந்து ஒன்று, தலையும் உணர்கொம்பும் தெரியப் பக்கவாட்டில் ஒன்று. ஐநேச்சுரலிஸ்ட்டில் (உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் இணையதளம்) தேதி, இடத்தோடு ஏற்றுங்கள். இடத்தை மறைக்காதீர்கள், தெரு வரை போதும். காட்டோரப் புளோக்குகளில் எத்தனை, தள்ளியிருப்பவற்றில் எத்தனை என்று ஒருநாள் யாராவது எண்ணிப் பார்ப்பார்கள். பிடோக்கில் கண்டவர்கள் கட்டாயம் ஏற்றுங்கள், தங்கைக்கு அனுப்ப வேண்டும்.

பாசிர் ரிஸ் நண்பரே, இரண்டாவது படமும் இருட்டுதான். ஃபோனில் விளக்கைப் போட்டுச் சாய்வாக அடித்து எடுங்கள்.